நெருஞ்சியும் வழுக்குப்பாறையும்

(கோவையில் ஒரு வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கை மாற்றாமல் அச்சிடப்படுகிறது.)



பேச்சு பாலைவனத்தைப் பற்றி என்பதால் நான் ஐந்திணையில் தொடங்குவேன் என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியர்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. முதலில் ஒரு முள்ளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் மோவாப் என்று ஓர் ஊர். நான் அப்போது டென்வரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து கிளம்பினால் ஆறு மணி நேரப் பயணம். முதல்முறை போனபோது நள்ளிரவு ஆகிவிட்டது. சாலையோரம் கொஞ்சம் தள்ளி ஒரு வெற்றுநிலத்தில் வண்டியை நிறுத்தி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்க் கூடாரத்தின் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் தரையோடு தரை. ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை! உட்கார்ந்து டயரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பக்கத்துக் கூடாரத்துக்காரர் எட்டிப் பார்த்து, "கோட்ஹெட்" என்றார். ஆட்டுத்தலை. இரண்டு கொம்போடு பார்க்க அப்படித்தான் இருக்கும். நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அது ஆட்டுத்தலையாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோடு போன நாட்களில் குதிகாலில் ஏறிய அதே சரக்கு. நெருஞ்சி.

உறவுக்காரச் செடி என்றுகூடச் சொல்ல முடியாது, அதே செடிதான். தாவரவியலில் டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் என்பார்கள். பழைய உலகத்துச் செடி, அமெரிக்காவுக்கு வந்தேறி. மஞ்சள் பூ பூக்கும், தரையோடு படரும், காய் ஐந்து துண்டாக உடையும், எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்க்கும். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் தலைவனை இந்தச் செடிக்குத்தான் ஒப்பிடுகிறார்: முதலில் கண்ணுக்கு இனிய பூ, பிறகு முள். தமிழாசிரியர்களின் கடன் இதோடு தீர்ந்தது. அன்று அந்த அம்மையாரின் தலைவியோடு எனக்கு முழு உடன்பாடு. பஞ்சர் ஒட்டும் பசை என்னிடம் ஒரு குட்டி டியூப்தான் இருந்தது.

அந்த ஊரில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் டியூபே இல்லாத டயரில் பால் போன்ற ரப்பர் திரவத்தை ஊற்றி வைத்திருப்பார்கள். முள் குத்தினால் துளையில் அது உறைந்து அடைத்துக்கொள்ளும். முள்ளைப் பிடுங்காதே, அப்படியே ஓட்டு என்பது அங்கே முதல் பாடம். இரண்டாவது பாடம், சைக்கிளைத் தள்ளாதே, தூக்கிக்கொண்டு நட. பாலைவனம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி, எங்கே சக்கரம் வைப்பது, எங்கே கால் வைப்பது என்பதுதான். இன்று பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

மோவாப் சின்ன ஊர். 2020 கணக்குப்படி மக்கள்தொகை ஐயாயிரத்துச் சொச்சம். கடல்மட்டத்திலிருந்து 4,000 அடி உயரம். கொலராடோ ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. ஒரு பக்கம் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா, இன்னொரு பக்கம் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா, கிழக்கே பனி மூடிய லா சால் மலைகள். நடுவில் சிவப்புப் பாறை. பாலைவனம் என்றதும் நம் மனதில் வருவது ராஜஸ்தான் மணல்மேடும் ஒட்டகமும். இங்கே மணலைவிடப் பாறைதான் அதிகம். ஆண்டுக்குச் சுமார் 9 அங்குல மழை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது இதைப்போல் இரண்டு மடங்கு.

இந்த ஊருக்கு சைக்கிள் வந்த கதை யுரேனியத்தில் தொடங்குகிறது. 1952இல் சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர், கையில் காசில்லாமல் குடும்பத்தோடு அல்லாடிக்கொண்டிருந்தவர், மோவாபுக்குத் தெற்கே பெரிய யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்தார். சுரங்கத்துக்கு 'மி விடா', ஸ்பானிய மொழியில் 'என் வாழ்க்கை' என்று பெயர் வைத்தார். அணுகுண்டுப் போட்டி உச்சத்தில் இருந்த காலம். ஊர் வீங்கியது, ஆற்றங்கரையில் ஆலை வந்தது. 1980களில் யுரேனியத்துக்குக் கிராக்கி போனதும் ஊர் சுருங்கியது. ஆலைக்கழிவு மட்டும் போகவில்லை. சுமார் 1.6 கோடி டன் ஆற்றங்கரையிலேயே கிடந்தது. 2009 முதல்தான் அதை ரயிலில் ஏற்றி வடக்கே கொண்டுபோய்ப் புதைக்கத் தொடங்கினார்கள். வடக்கிலிருந்து ஊருக்குள் நுழையும்போது பாலத்துக்கு முன்னால் வலப்பக்கம் பார்த்தால் அந்த இடம் தெரியும். கூரையில் நாலு சைக்கிள் கட்டிய வண்டிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும்.

வேலை போன ஊரில் 1983இல் ஒரு சைக்கிள் கடை திறந்தார்கள். மலைச்சைக்கிள் என்ற சாமானே அப்போதுதான் கலிபோர்னியாவில் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது. ஊருக்கு மேலே பாறைமேட்டில், மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக 1969இல் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்ட ஒரு வழி ஏற்கனவே இருந்தது. அதில் மிதிவண்டியை ஏற்றிப் பார்த்தார்கள். ஏறியது. அதற்குப் பிறகு உலகமே வந்துவிட்டது.

அந்தப் பாதைக்கு ஸ்லிக்ராக் என்று பெயர். வழுக்குப்பாறை. நான் பெயரைக் கேட்டே பாதி பயந்தேன். போய்ப் பார்த்தால் பாறை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது, கை வைத்தால் தோல் உரியும். அப்புறம் ஏன் இந்தப் பெயர்? பெயர் வைத்தவர்கள் குதிரையில் வந்தவர்கள். இரும்பு லாடம் அந்தப் பாறையில் வழுக்கியது. ரப்பர் டயர் வழுக்காது. குதிரையின் கஷ்டத்தில் வைத்த பெயர் சைக்கிளுக்கு ஒட்டவில்லை, ஆனாலும் நின்றுவிட்டது.

அந்தப் பாறை, நவாஹோ மணற்கல், ஒருகாலத்தில் மணல்மேடாக இருந்ததுதான். ஏறத்தாழ 18, 19 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் நடமாடிய ஜுராசிக் காலத்தில், காற்று கொண்டுவந்து குவித்த மணல் புதைந்து இறுகிக் கல்லாகி மறுபடி வெளியே வந்து நிற்கிறது. மேட்டின் வளைவும் சரிவும் அப்படியே இருக்கின்றன. பக்கவாட்டில் பார்த்தால் அன்றைய காற்று எந்தத் திசையில் அடித்தது என்பதுகூட வரிவரியாகத் தெரியும். அதன்மேல் சைக்கிள் ஓட்டுவது என்பது உறைந்துபோன கடலலையில் ஏறி இறங்குவதுபோல. சமதரை என்று பத்தடிகூடக் கிடையாது. வெள்ளைக்கோடு உங்களை ஒரு சுவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். இதில் எப்படி ஏறுவது என்று நினைப்பதற்குள் ஏற வேண்டும், நினைத்தால் கால் தரையில் ஊன்றிவிடும். டயரில் காற்றைக் குறைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, மூக்கு கைப்பிடியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து மிதித்தால் சுவர் மெல்ல உங்களை அனுமதிக்கும். மொத்தச் சுற்று ஏறக்குறைய 10 மைல்தான். எனக்கு நாலு மணி நேரம் ஆனது. பாதி தூரம் நான் சைக்கிளைத் தூக்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன், என் மனைவி மூன்றாவது வரிசையில் இருக்கிறாள்.

இப்போது கூடாரத்துக்கு வருவோம். ஸ்லிக்ராக் பாதை தொடங்கும் சாண்ட் ஃபிளாட்ஸ் மேட்டிலேயே முகாமிடங்கள் இருக்கின்றன. மேசை, நெருப்புக்கு இரும்பு வளையம், குழிக் கழிப்பறை உண்டு. தண்ணீர் கிடையாது. 1990களின் தொடக்கத்தில் இதுவும் கிடையாது. ஈஸ்டர் விடுமுறைக்கு ஆயிரக்கணக்கில் வந்து, கண்ட இடத்தில் கூடாரம் போட்டு, கிடைத்த மரத்தை வெட்டி எரித்துக் கலவரம்வரை போனது. அதன் பிறகுதான் உள்ளூர் நிர்வாகமும் நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறையும் சேர்ந்து கட்டணம் வைத்து ஒழுங்குபடுத்தின. மரம் என்று சொன்னேன் இல்லையா? அங்கே இருப்பது ஜூனிப்பர். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி நிற்கும். நூற்றுக்கணக்கான வயதிருக்கும். ஒரு ராத்திரி தேநீருக்கு அதை எரித்துவிடலாம்.

பாலைவனத்தில் இடம் பார்த்துக் கூடாரம் போடுவது தனிக்கலை. புதிதாக வருபவர்களின் கண் நேராக வறண்ட ஓடைக்குத்தான் போகும். மெத்தை போல் மணல், சமதரை, காற்று மறைவு. படுக்கக் கூடாத இடம் அதுதான். இருபது மைலுக்கு அப்பால் மலையில் இடி இடித்து மழை கொட்டினால், இங்கே நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து நிற்கும். பாறை தண்ணீரைக் குடிக்காது, அப்படியே அனுப்பிவிடும். குற்றாலத்தில் குளித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்களோடு வந்த ஹைதராபாத் நண்பருக்கு விளக்க வேண்டியிருந்தது, தென்காசித் தம்பி ஒருவன் ஓடையைப் பார்த்ததுமே, "இங்க வேணாம்ணே, மேல போவோம்" என்றுவிட்டான்.

ஆக ஓடை வேண்டாம். மண் தரையும் வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். மிஞ்சுவது வெறும் பாறை, இல்லாவிட்டால் முன்னால் வந்தவர்கள் ஏற்கனவே மிதித்துத் தேய்த்த இடம். பாறையில் முளைக்குச்சி இறங்காது. கயிற்று நுனியில் கல்லைக் கட்டி வைக்க வேண்டும். சின்னக் கல்லாக வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். மாலை நாலு மணிக்குக் கிளம்பிய காற்று என் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. நாங்கள் மூன்று பேர் துரத்தினோம். பந்து மாதிரி துள்ளித் துள்ளிப் போய் விளிம்பைத் தாண்டியது. கீழே எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்று ராத்திரி வண்டிக்குள் உட்கார்ந்தபடி தூங்கினேன்.

வெயிலைப் பற்றி நமக்குத் தெரியாதா என்று தோன்றும். சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த வெயில் வேறு. நமக்கு வியர்வை வழியும், சட்டை நனையும், உடம்பு நீர் இழக்கிறது என்று சட்டையே சொல்லிவிடும். அங்கே காற்றில் ஈரமே கிடையாது. வியர்வை வந்த கணமே ஆவியாகிவிடும். நெற்றி காய்ந்தே இருக்கும், சட்டையில் வெள்ளை வெள்ளையாய் உப்பு மட்டும் படியும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே தலை சுற்றி விழுவார்கள். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். எங்கள் குழுவில் இதற்கு ஊறுகாய்தான் மருந்து. அமெரிக்கக் கடையில் உப்பு மாத்திரை, மின்பகுளிப் பொடி எல்லாம் விற்கிறார்கள். ஒரு எலுமிச்சை ஊறுகாய்த் துண்டுக்கு முன்னால் அவை நிற்காது.

ராத்திரி நேர்மாறு. அதே ஈரமில்லாத காற்றும் மேகமில்லாத வானமும் பகலில் பாறை வாங்கிய சூட்டைப் போர்த்தி வைக்காது. சூடு அப்படியே வானத்துக்குப் போய்விடும். அக்டோபரில் பகல் 27 டிகிரியில் மிதித்துவிட்டு விடியற்காலை 5 டிகிரியில் பல் கிட்டித்தபடி ஸ்டவ் பற்ற வைத்திருக்கிறேன்.

எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கும் விஷயத்தையும் பேசிவிடுவோம். காலைக்கடன். கழிப்பறை இல்லாத இடத்தில் தங்கினால், மண்ணில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வர முடியாது. ஈரமும் நுண்ணுயிரும் குறைந்த மண் அது, மக்கவே மக்காது. எனவே பொடி போட்ட இரட்டைப் பை விற்கிறார்கள். அதில் போய், கட்டி, வண்டியில் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். மோவாபைச் சுற்றிப் பல இடங்களில் இது விதி. முதல்முறை கேட்டபோது எங்கள் குழுவில் பெரிய சர்ச்சை. கால் கழுவ ஆளுக்கு ஒரு லிட்டர் ஒதுக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. குடிக்கிற தண்ணீரில் கை வைக்காதே என்று இன்னொரு தரப்பு. கடைசியில் அரை லிட்டரில் சமரசம் ஆனது. வீட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணிலிருந்து மறைகிற சங்கதியை நாலு நாள் கூடவே வைத்துக்கொண்டு சுற்றிய பிறகு, நகராட்சித் தொழிலாளர்களைப் பற்றி நான் முன்போல் பேசுவதில்லை.

இனி ஒயிட் ரிம். நான் போனதிலேயே எனக்குப் பிடித்தது.

கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவில் 'வானத்துத் தீவு' என்று பெயர் வைத்த ஒரு பீடபூமி. அதற்குக் கீழே சுமார் ஆயிரம் அடியில் வெள்ளை மணற்கல் ஒரு படிக்கட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் விளிம்பை ஒட்டி 100 மைல் மண்பாதை பீடபூமியைச் சுற்றி வருகிறது. அதற்கும் கீழே இன்னும் ஆயிரம் அடியில் கிழக்கே கொலராடோ ஆறு, மேற்கே கிரீன் ஆறு. இந்தப் பாதையைப் போட்டதும் யுரேனியம்தான். 1950களில் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் ஆதரவில் தோண்டிப் பார்க்கப் போட்டார்கள். யுரேனியம் பெரிதாகக் கிடைக்கவில்லை. பாதை மட்டும் மிஞ்சியது. 1964இல் பூங்கா வந்தது, பாதை சைக்கிள்காரர்களின் கைக்கு வந்தது. குண்டுக்காகப் போட்ட பாதையில் புளியோதரைப் பொட்டலத்தோடு போகிறோம் என்று எங்கள் தென்காசித் தம்பி சொன்னான். அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல.

நினைத்த இடத்தில் அங்கே தங்க முடியாது. குறித்த முகாமிடங்கள் மட்டும்தான், மாதக்கணக்கில் முன்னால் அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் ஆறு பேர், நாலு நாள், மூன்று இரவு: கூஸ்பெரி, மர்ஃபி, பொட்டேட்டோ பாட்டம். ஐந்து பேர் மிதிக்க, ஒருவர் முறைவைத்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு பின்னால் வருவார். ஜீப் இல்லாமல் ஏன் முடியாது என்றால் தண்ணீர். அந்த 100 மைலில் ஒரு குழாய் கிடையாது. ஒரு நாளைக்கு ஆளுக்கு 4 லிட்டர். ஆறு பேருக்கு நாலு நாளைக்கு 96. சமையலுக்கு, பாத்திரத்துக்கு, அந்த அரை லிட்டர் சமரசத்துக்கு, ஜீப் ரிப்பேரானால் கைவசம் இருக்க என்று 120 லிட்டர் ஏற்றினோம். இருபது லிட்டர் கேன் ஆறு. ஒவ்வொரு மாலையும் யாராவது ஒருவர் கேனைத் தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்து அளவு சொல்வார். இரண்டாம் நாளே எல்லோருக்கும் அந்தச் சத்தம் அத்துப்படி. டம்ளரைக் கழுவாமல் துடைத்து வைக்கப் பழகினோம். பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்தோம், பாட்டி சாம்பல் போட்டுத் தேய்த்தது போல. பல் துலக்க ஒரு வாய்த் தண்ணீர் என்று கணக்கு.

முதல் நாள் ஷேஃபர் வளைவுகளில் இறக்கம். கொல்லிமலை கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் தடுப்புச் சுவரையும் தாரையும் எடுத்துவிட்டுக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆயிரம் அடிக்கும் மேல் இறங்கி முடித்தபோது பிரேக் பிடித்த விரல்கள் விரியவில்லை. பிறகு மணிக்கணக்கில் விளிம்போரம். இடப்பக்கம் பாதாளம், வலப்பக்கம் செங்குத்துச் சுவர், நடுவில் நீங்களும் சங்கிலியின் சத்தமும். பேசிக்கொண்டே கிளம்பிய ஐந்து பேரும் ஒரு மணி நேரத்தில் பேச்சை நிறுத்தியிருந்தோம். இரண்டாம் நாள் கடைசியில் மர்ஃபி ஏற்றம். யாரும் ஏறவில்லை, எல்லோரும் தள்ளினோம். முகாம் அந்த முதுகின் உச்சியில். இருட்டியதும் விளக்குகளை அணைத்தோம். 2015இல் இந்தப் பூங்காவை இருள்வானப் பூங்கா என்று அறிவித்திருக்கிறார்கள். பால்வீதியைக் கைகாட்டிச் சொல்ல வேண்டியதே இல்லை, மேகம் என்று நினைத்து மழை வருமோ என்று கேட்டார் ஹைதராபாத் நண்பர்.

கூஸ்பெரியில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். மண் தரை வேண்டாம் என்று முன்பு சொன்னேனே, அதற்கான காரணம் இதில்தான் இருக்கிறது. முதல் நாள் மாலை, சூரியன் விழும் நேரம். படம் எடுக்க நல்ல கோணம் தேடிப் பாறையை விட்டு இறங்கி மண்ணில் நாலு அடி வைத்தேன். மண் கருகின தோசையின் ஓரம்போல் கறுத்து, குட்டிக் குட்டிக் கோபுரமாய் எழும்பியிருந்தது. காலடியில் நொறுங்கும் சத்தம் கேட்டது. முகாமைப் பார்வையிட வந்த ரேஞ்சர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மையார், அங்கேயே நில்லுங்கள் என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வரச் சொன்னார். பிறகு பாறை ஓரமாக மண்டியிட்டு, தன் பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து அந்தக் கறுப்பு மண்மேல் விட்டார். 120 லிட்டரைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்குப் பகீர் என்றது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. கறுப்பு பச்சையானது. செத்துக் கிடந்ததாக நான் நினைத்த பாசி இதழ் விரித்துக்கொண்டது.

அது மண் இல்லை, உயிர். புண் ஆறும்போது மேலே கட்டுவதைப் பொருக்கு என்கிறோம் அல்லவா, நிலத்தின் பொருக்கு அது. உயிர்ப்பொருக்கு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிர்கள் ஈரம் பட்டதும் மணலுக்குள் நகரும். நகர்ந்த வழியில் பிசுபிசுப்பான நார் உறையை விட்டுச் செல்லும். அந்த நார்கள் மணல்துகள்களைத் தைத்து வைக்கின்றன. மேலே பாசியும் கற்பாசியும் குடியேறுகின்றன. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பதும் இவைதான், இல்லாவிட்டால் அந்தப் புல்லும் ஜூனிப்பரும் இல்லை. மோவாபிலேயே இருந்து பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்தவர் ஜேன் பெல்னாப் என்ற அறிவியலாளர். மிதித்த பொருக்கு திரும்ப வளர எவ்வளவு காலம் ஆகும் என்றால், மெல்லிய மேல்படலத்துக்கே ஆண்டுகள், கற்பாசியும் பாசியும் முழுதாகத் திரும்பப் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூறாண்டுக்கு மேல். பொருக்கு உடைந்தால் அடியிலிருக்கும் மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. அந்தச் சிவப்புத் தூசி கிழக்கே ராக்கி மலைப் பனியில் படிகிறது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், தூசி படிந்த பனி வெயிலைக் குடிக்கும். எனவே பனி வாரக்கணக்கில் முன்னதாகவே உருகிவிடுகிறது. அந்தப் பனிதான் கொலராடோ ஆறு. சுமார் 4 கோடிப் பேர் அதை நம்பி இருக்கிறார்கள்.

நான் ஒருவன் நாலு அடி வைத்ததால் ஆறு வற்றிவிடவில்லை. அந்த அம்மையாரே சொன்னார், இந்த நிலத்தில் பெரிய சேதம் செய்தது நூறாண்டுக்கு மேல் மேய்ந்த மாடுகள் என்று. சைக்கிள்காரர்கள் பாதையை விட்டு விலகாத வரைக்கும் பாதிப்பு குறைவுதான். பள்ளத்தைச் சுற்றிப் போகிறேன் என்று ஒருவர் ஓரமாக ஒதுங்குவார், பின்னால் வருபவர் அந்தத் தடத்தைப் பாதை என்று நினைப்பார். ஒற்றையடிப் பாதை இப்படித்தான் மாட்டுவண்டிப் பாதை ஆகும்.

பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீருக்கும் இதே கதை. சாண்ட் ஃபிளாட்ஸில் ஒருமுறை மழைக்குப் பின் அப்படி ஒரு குழியில் கை கழுவப்போன நண்பரை இழுத்துப் பிடித்தோம். உற்றுப் பார்த்தால் நகக்கண் அளவு இறால் வகை ஒன்று மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தது. குழி காய்ந்தபின் அதன் முட்டை வெயிலிலும் பனியிலும் பல ஆண்டுகள் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். கையில் பூசிய வெயில்பசையின் எண்ணெய்ப் படலம் போதும் அந்தக் குடும்பத்துக்கு.

ஏ.ஆர். ரஹ்மான் ரசிகர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். '127 அவர்ஸ்' என்று 2010இல் ஒரு படம், அவர் இசை. கதை நடந்தது இதே வட்டாரத்தில். ஆரன் ரால்ஸ்டன் 2003 ஏப்ரலில் மலைச்சைக்கிளில் பல மைல் மிதித்துப் போய், அதை ஒரு ஜூனிப்பர் மரத்தில் பூட்டிவிட்டு, புளூஜான் என்ற குறுகிய பள்ளத்தாக்குக்குள் இறங்கினார். பெயர்ந்த பாறை ஒன்று வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் கழித்துத் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லோரும் அந்தக் கத்தியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது, எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை என்பது. ஒரு துண்டுச்சீட்டு போதுமாயிருந்தது. நான் கிளம்பும்போதெல்லாம் மனைவியிடம் பாதையின் பெயர், முகாமின் பெயர், திரும்பும் நேரம், எந்த நேரத்துக்குமேல் யாருக்குப் போன் செய்வது என்று எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போவேன். இதிலாவது அவளிடம் நல்ல பெயர் உண்டு.

எட்வர்ட் ஆபியைச் சொல்லாமல் மோவாப் பேச்சை முடித்தால் அந்த ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1950களின் நடுவில் ஆர்ச்சஸில் ரேஞ்சராக இருந்தவர். 1968இல் வந்த அவருடைய 'டெசர்ட் சாலிடேர்' நூலில், தேசியப் பூங்காக்களுக்குள் காரையே விடாதே, வாசலில் நிறுத்தச் சொல், வேண்டுமானால் சைக்கிள் கொடு, குதிரையில் வரட்டும், நடந்து வரட்டும் என்று வாதாடியிருக்கிறார். கோபக்காரர், சில இடங்களில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது, அந்நியர்கள் குடியேறுவதைப் பற்றி அவர் பிற்காலத்தில் சொன்னதைப் படித்தால் என்னைப் போன்றவனுக்கு அங்கே இடமே இல்லை. ஆனாலும் அந்த யோசனை சரியானது என்று பலநாள் நினைத்திருந்தேன். பிறகு ஓர் ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஸ்லிக்ராக் வாகன நிறுத்துமிடத்தில் இடம் கிடைக்காமல் மூன்று சுற்று சுற்றினேன். சுற்றியது அத்தனையும் சைக்கிள் ஏற்றிவந்த கார்கள். என்னுடையதும்தான். ஆபியின் கணக்கில் சைக்கிளை யார் அங்கே கொண்டுவருவது என்ற வரி விட்டுப்போயிருந்தது.

கடைசியாக ஒன்று. இந்தியாவுக்குத் திரும்பி வருவதற்கு முன், ஆறு ஆண்டு கழித்து, மறுபடி ஒயிட் ரிம் போனோம். கூஸ்பெரியில் இடம் கிடைத்தது. மாலையில் அதே பாறைக்குப் போனேன், அதே வெளிச்சம். என் காலடிகள் காற்றில் அழிந்துவிட்டிருந்தன. ஆனால் சுற்றிலும் கறுத்துக் கோபுரமாய் நின்ற மண்ணின் நடுவே நாலு இடம் வெளிறி, வழவழவென்று, ஒன்றும் முளைக்காமல் இருந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே என் நடையின் அளவு தூரம். பக்கத்தில் நின்ற தென்காசித் தம்பி, "அண்ணே, ஒங்க செருப்பு சைஸ் எட்டுதானே?" என்று கேட்டான்.